ஒரு முழம் குறைவான தண்ணீர்

மிளகாய்க்குறிச்சி ஜமீன்தாருக்குத் தண்ணீர்மேலேயே கோபம் வந்துவிட்டது. அரண்மனையில் ஒரே உயரத்தில் இரண்டு தொட்டிகள். ஒன்று அவர் குளிக்க, மற்றது வேலைக்காரர்கள் புழங்க. அடியில் ஒரு குழாய் இரண்டையும் இணைத்ததால், இரண்டிலும் தண்ணீர் ஒரே மட்டத்தில் நின்றது.

தண்ணீர் இறைக்கும் சடையாண்டியைக் கூப்பிட்டார்.

"என் தண்ணியும் உங்க தண்ணியும் சரிசமமாடா? நாளைக்குச் சம்பந்தி வர்றார். என் தொட்டி தளும்பணும், உங்களது ஒரு முழம் குறைஞ்சிருக்கணும். குழாயை அடைக்கக் கூடாது. முடியலேன்னா குடும்பத்தோட ஊரைவிட்டு ஓடு!"

"ஆகட்டும் எசமான்" என்ற சடையாண்டி, வேலைக்காரர் தொட்டியின் சுவரை ஒரு முழம் உயர்த்திக் கட்டிவிட்டான்.

ஜமீன்தார் எட்டிப் பார்த்தார். தன் தொட்டி தளும்பியது. அங்கே விளிம்புக்கு ஒரு முழம் கீழே தண்ணீர். மீசையை முறுக்கிக்கொண்டு சம்பந்தியிடம் காட்டினார்.

சம்பந்தி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் சம்பந்தி, வேலைக்காரங்க தொட்டி உங்களதைவிட உசரமா நிக்குதே!"

"இடிடா சுவரை!"

"இடிச்சா மறுபடி சரிசமமாயிடும் எசமான். எங்களுக்குச் சமமா இருக்கீங்களா, எங்களைவிடக் குட்டையா இருக்கீங்களா? நீங்களே சொல்லிடுங்க."

அந்தச் சுவரை யாரும் இடிக்கவில்லை. சடையாண்டி ஊரைவிட்டுப் போகவுமில்லை. அன்றுமுதல் ஜமீன்தார்தான் தொட்டியை விட்டுவிட்டு ஆற்றுக்கு வந்து ஊர்க்காரர்களான எங்களோடு குளித்தார். ஒருநாள் என் முதுகைக்கூடத் தேய்த்துவிட்டார்.