சங்கரலிங்கத்தின் சுண்டுவிரல்

"ஒண்ணு அவ இருக்கணும். இல்ல நான் இருக்கணும். ரெண்டுல ஒண்ணு சொல்லிருங்கம்மா."

சொல்லிவிட்டுச் சங்கரலிங்கம் தன் கீபோர்டைத் தரையில் வைத்தார். வைத்தார் என்பது மரியாதைக்குச் சொன்னது. போட்டார்.

அது கனத்த மெக்கானிக்கல் கீபோர்டு. மகன் வாங்கி அனுப்பியது. விழுந்த சத்தத்தில் ஜன்னலில் இருந்த அணில் ஓடிவிட்டது. வடிவம்மை ஓடவில்லை. பூண்டு உரித்துக்கொண்டிருந்தவர் அடுத்த பல்லை எடுத்தார்.

வடிவம்மைதான் அந்த மடத்தின் குரு. வயது முப்பத்தெட்டு. சீடருக்கு அறுபத்தொன்று. மகள் வயதுள்ளவரை விழுந்து வணங்க வேண்டியிருக்கிறதே என்று சங்கரலிங்கத்துக்கு உள்ளூர ஒரு சங்கடம் உண்டு.

பத்திரப்பதிவு அலுவலகத்தில் ஓய்வு பெற்றபின், கோபத்தை விடுவதற்காகவே அவர் மடத்துக்கு வந்தார். கோபம் அவருக்கு முன்பே வந்து பாய் விரித்து உட்கார்ந்திருந்தது.

"யாரைச் சொல்றீங்க?"

"இசக்கியம்மாவைத்தான். வேற யாரை?"

"என்ன செஞ்சா?"

"என் பட்டனை மாத்திட்டா!"

விஷயம் இதுதான். மடத்தில் பழைய மருத்துவ ஏடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றுகிறார்கள். அலுவலகத்தில் ஒரு கம்ப்யூட்டர், மருந்துச்சாலையில் ஒன்று, அச்சறையில் ஒன்று. சங்கரலிங்கம் மூன்றிலும் வேலை பார்ப்பார். கீபோர்டைக் கைக்குழந்தைபோல் இடுக்கிக்கொண்டு அறை அறையாகப் போவார்.

அதற்குக் காரணம் அவருடைய இடது சுண்டுவிரல். எப்போதோ கதவிடுக்கில் நசுங்கியது, மடங்காது. கீழ் மூலையில் இருக்கிற கண்ட்ரோல் பட்டனுக்கு அதைக் கொண்டுபோனால் உயிர் போகும். கண்ட்ரோலையும் எஸ்ஸையும் சேர்த்து அமுக்காமல் எழுதியதைச் சேமிப்பது எப்படி? மவுஸைத் தேடிப் பிடித்துச் சேமிப்பது அவருக்குக் கௌரவக் குறைவு.

அதனால் விரலுக்குப் பக்கத்திலேயே இருக்கிற கேப்ஸ் லாக்கைக் கண்ட்ரோலாக மாற்றினார். கண்ட்ரோலைக் கேப்ஸ் லாக்காக மாற்றினார். அந்த மாற்றத்தைக் கீபோர்டுக்கு உள்ளேயே பதிந்துவிட்டார். இனி எந்தக் கம்ப்யூட்டரில் செருகினாலும் தான் வைத்ததுதான் சட்டம் என்று நினைத்தார்.

"ஆபீஸ்ல சரியா இருக்கு. மருந்துச்சாலைல சரியா இருக்கு. அச்சறைக்குப் போனா மட்டும் பட்டன் பழையபடி ஆயிடுது. சேமிக்கலாம்னு அமுக்குனா சேமிக்கல, 'ஸ்'னு எழுத்து விழுது. நான் ஏட்டைப் பாத்து அடிக்கிறேன். திரையை எங்க பாத்தேன்? கரண்டு போச்சு. காலைலேருந்து அடிச்சது அத்தனையும் போச்சு!"

"எந்தப் பகுதி?"

"பித்தம் தணிக்கிற பகுதி."

வடிவம்மை குனிந்து பூண்டைப் பார்த்தார். சிரிப்பை அடக்க அது உதவியது.

"அச்சறைல இருக்கிறது அவதான். வேணும்னே நோண்டியிருக்கா."

"அவகிட்ட கேட்டீங்களா?"

"கேட்டேன்."

"எப்படிக் கேட்டீங்க?"

சங்கரலிங்கம் ஜன்னலைப் பார்த்தார்.

"என்ன சொன்னீங்க ஐயா?"

"அடுப்படில கிடந்தவளை நாற்காலில உக்கார வச்சா இப்படித்தான் ஆகும்னு சொன்னேன்."

"எல்லார் முன்னாலயுமா?"

"கோபத்துல வாயில வந்துட்டு."

பூண்டு உரிப்பது நின்றது.

இசக்கியம்மாள் மடத்துக்குச் சமைக்க வந்தவள். எழுத்தின் மேல் ஆசைப்பட்டுத் தானாகத் தட்டச்சு கற்றுக்கொண்டவள். இப்போது ஏட்டுப் பிரதிகளில் பிழை பார்ப்பதே அவள்தான்.

"அவ பை கட்டியாச்சு. மூணு மணி பஸ்ஸுக்குப் போறாளாம்" என்றார் வடிவம்மை.

"போகட்டும். விட்டது சனியன்."

"வாங்க" என்று வடிவம்மை எழுந்தார்.

அச்சறையில் யாரும் இல்லை. இசக்கியம்மாள் தினமும் தட்டுகிற சாதாரணக் கீபோர்டு மேஜையில் இருந்தது. கம்ப்யூட்டரோடு சேர்ந்து வந்தது அது.

"இதுல ஒரு வரி அடிச்சுச் சேமிங்க."

"இதுலயா? இது என் கைக்கு ஆகாது."

"அடிங்க."

சங்கரலிங்கம் வெறுப்போடு ஒரு வரி அடித்தார். பழக்கதோஷத்தில் சுண்டுவிரல் கேப்ஸ் லாக்கை அமுக்கியது.

வரி சேமிக்கப்பட்டது.

அவர் நம்பவில்லை. மறுபடி அடித்தார். மறுபடியும் சேமித்தது.

"இந்தக் கீபோர்டுல நான் ஒண்ணும் மாத்தலையே?"

"இல்ல."

"அப்ப கம்ப்யூட்டர்லயே யாரோ மாத்தியிருக்காங்க."

"ஆமா. தோசையை நீங்களும் திருப்பினீங்க, அவளும் திருப்பினா. அது பழைய பக்கத்துக்கே வந்துட்டு."

"இவளுக்கு எதுக்கு இந்த மாத்தம்?"

"மடத்துல மடங்காத சுண்டுவிரல் எத்தனை இருக்கு?"

சங்கரலிங்கம் தன் சுண்டுவிரலைப் பார்த்தார்.

"இந்த மேஜைல தினமும் உக்காருறது யாரு?"

"அவதான்."

"நீங்க?"

"வியாழக்கிழமை மட்டும்."

"மத்த நாளெல்லாம் அவ யாரோட விரலுக்காக இடம் மாறின பட்டனை அடிச்சா?"

சங்கரலிங்கத்துக்கு முகம் சுண்டிப்போனது. அப்போதும் கோபம்தான் முதலில் வந்தது. வேறு எதுவும் அவருக்கு அவ்வளவு சீக்கிரம் வராது.

"செஞ்சவ சொல்லியிருக்கலாம்ல? வாயில என்ன கொழுக்கட்டையா?"

"கீபோர்டுக்குள்ளயே மாத்திட்டேன்னு நீங்க அவகிட்ட சொன்னீங்களா?"

அவர் விடுவிடுவென்று நடந்தார். குருவின் அறையில் கிடந்த தன் கீபோர்டை எடுத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனார். அவள் வைத்தது இருக்கட்டும், நம்முடையதை எடுத்துவிடுவோம் என்று கீபோர்டில் பதிந்திருந்த மாற்றத்தை அழித்தார். மன்னிப்பு என்று வாய் திறந்து கேட்கிற பழக்கம் அவருக்கு இல்லை. இதையே அவர் மன்னிப்பாக நினைத்துக்கொண்டார்.

திரும்பி வந்தபோது அச்சறையில் இசக்கியம்மாள் நின்றிருந்தாள். தோளில் துணிப்பை. கண் சிவந்திருந்தது. அவளை ஏறிட்டுப் பார்க்காமலே அவர் நாற்காலியில் உட்கார்ந்து, தன் கீபோர்டைச் செருகி, ஒரு வரி அடித்து, சுண்டுவிரலால் அமுக்கினார்.

'ஸ்' என்று விழுந்தது.

"மறுபடியுமா!" மேஜையில் ஓங்கி அடித்தார். "என்ன செஞ்சு தொலைச்ச?"

"நான் வச்சதை நானே எடுத்துட்டேன். ஒரு வாரமா இந்தப் பட்டன் என் உயிரை வாங்கிச்சு. உங்க விரலுக்காச்சேன்னு பல்லைக் கடிச்சுக்கிட்டு இருந்தேன். என் புத்தியைச் செருப்பால அடிக்கணும்."

"நீ ஏன் எடுத்த? நான்தான் என்னோடதை எடுத்துட்டேனே!"

"நீங்க எதுக்கு எடுத்தீங்க?"

"உனக்காகத்தான் எடுத்தேன்!"

அதையும் சண்டைக்கு இழுக்கிறவர்போல்தான் கத்தினார். கேட்கிறவர்களுக்கு அது அன்பு என்று தெரிய வழியே இல்லை.

"எனக்காக நீங்க ஒண்ணும் கிழிக்க வேண்டாம் அண்ணாச்சி. பட்டனை மாத்துவீங்க. சொன்ன வார்த்தையை எந்தப் பட்டனை அமுக்கி அழிப்பீங்க?"

 

மடத்து வாசலில் பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது.

"தள்ளுங்க" என்றாள் இசக்கியம்மாள். "நான் கம்ப்யூட்டர்ல மாத்தி வச்சிட்டே போறேன். இல்லாட்டி போன பிறகும் பழி என் தலையிலதான் விழும்."

"நீ ஒண்ணும் செய்ய வேண்டாம். நான் கீபோர்டுல மாத்திக்கிறேன்."

"நான் மாத்துறேன்னு சொல்றேன்ல?"

"நான் மாத்துறேன்னா மாத்துறேன்!"

அவள் கை மவுஸைப் பிடித்தது. அவர் கை கீபோர்டைப் பிடுங்கியது. மேஜையில் இருந்த பேனாக் குவளை உருண்டது.

"யாராவது ஒருத்தர் சும்மா இருங்க!"

கத்தியது வடிவம்மை. வாசற்படியில் நின்றிருந்தார். அவர் குரலை உயர்த்தி மடத்தில் யாரும் கேட்டதில்லை. அவருக்கு உண்மையிலேயே கோபம் வந்திருந்தது.

யார் சும்மா இருக்க வேண்டும் என்று அவர் சொல்லவில்லை. பூண்டு மணக்கிற கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

அறையில் இருவரும் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார்கள். வெளியே ஹாரன் இன்னொரு முறை அடித்தது.

சங்கரலிங்கம் கீபோர்டிலிருந்து கையை எடுத்தார். நாற்காலியை அவள் பக்கம் திருப்பினார்.

"உக்காரும்மா" என்றார்.

இசக்கியம்மாள் நாற்காலியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். பஸ் உறுமிக்கொண்டு நின்றது.

பையைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் செய்கிற வேலை இல்லை அது. அவள் பையைக் கீழே வைத்தாள்.