மரப்பாச்சி மாப்பிள்ளைக்கு ஒரு கம்பளி

மேகம் இறங்கி வந்து மாடுகளோடு மேய்ந்துவிட்டுப் போகுமாம், அவ்வளவு உயரத்தில் முன்னொரு காலத்தில் ஒரு மலைநாடு இருந்தது. அந்த நாட்டு ராஜாவுக்கு வெண்கோடன் என்று பெயர். நல்ல ராஜாதான். குளிர் வந்தால் மட்டும் கொஞ்சம் சிடுசிடுப்பார். குளிரில் யார்தான் சிடுசிடுக்கவில்லை? நீங்கள் காலையில் எழுந்து குளிக்கிற லட்சணம் எனக்குத் தெரியாதா?

அந்த நாட்டுக்குக் கீழ்நாட்டிலிருந்து சடையன் என்ற சலவைக்காரனும் அவன் மனைவி பவளாயியும் பிழைக்க வந்தார்கள். கீழே மழை பொய்த்து, குளம் வற்றி, துவைக்கத் தண்ணீரே இல்லாமல் போயிருந்தது. ராஜா அவர்களுக்கு ஓடைக்கரையில் ஒரு குடிசையும் அரண்மனைத் துணி வெளுக்கும் வேலையும் கொடுத்தார். அங்கே வந்த பிறகுதான் அவர்கள் வீட்டு அடுப்பு ஒழுங்காக எரிந்தது. பவளாயி வயிற்றில் ஒரு பிள்ளையும் வளர்ந்தது.

சடையனுக்கு வெள்ளாவி என்றால் உயிர். அழுக்குத் துணியை உவர்மண் கரைத்த தண்ணீரில் முக்கி, பானைமேல் அடுக்கி, கீழே தீ மூட்டி ஆவியில் வேகவைப்பான். பருத்தித் துணி கொக்கு மாதிரி வெளுத்து வரும். "என் வெள்ளாவிக்குப் போகாத அழுக்கு இன்னும் பிறக்கலை" என்று சொல்லிக்கொண்டு திரிவான்.

ஆனால் பாருங்கள், கீழ்நாட்டில் கம்பளி ஏது? அங்கே அடிக்கிற வெயிலுக்கு ஒரு வேட்டியே பாரம். மலைநாட்டிலோ எங்கே பார்த்தாலும் ஆட்டுமயிர்க் கம்பளி. அதை வெந்நீர்ப் பக்கமே கொண்டு போகக்கூடாது என்று அங்கே ஆடு மேய்க்கிற பொடியனுக்கும் தெரியும். சடையனுக்குத் தெரியாது. அவன் யாரையும் கேட்கவும் இல்லை.

முதலில் தளபதியின் கம்பளி அங்கி வந்தது. வெள்ளாவியில் வைத்தான். எடுத்துப் பார்த்தால், தளபதியின் ஒரு கை நுழையவே இடமில்லை. அப்படித் தடித்துச் சுருங்கிப் போயிருந்தது. "இந்த ஓடைத் தண்ணிதான் பொல்லாதது" என்று முனகிக்கொண்டே, பவளாயிக்குத் தெரியாமல் அதைப் பரணில் விறகுக்குப் பின்னால் செருகிவிட்டான். தளபதி ஆள் அனுப்பிக் கேட்டபோது, "இன்னும் காயலைங்க, மலையிலே வெயில் ஏது?" என்றான்.

சில மாதம் கழித்து ராணியின் சால்வை வந்தது. இந்த முறை சுனைத் தண்ணீர் எடுத்து வெள்ளாவி வைத்தான். அதுவும் சுருங்கியது. அதுவும் பரணுக்குப் போனது. ராணியின் ஆளுக்கும் "இன்னும் காயலைங்க" என்றான்.

மூன்றாவதாக ராஜாவின் போர்வையே வந்துவிட்டது. அவருடைய அப்பா போர்த்தியிருந்த போர்வை. அட, இப்போதாவது ஒரு இடையனிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா? கேட்டால் முந்தின இரண்டையும் சொல்ல வேண்டுமே. அதனால் வாயை மூடிக்கொண்டு, மழைத்தண்ணீர் பிடித்து, வெள்ளாவி வைத்தான். இரண்டு பேர் படுத்து உருளலாம் போலிருந்த போர்வை, தோளில் போடும் துண்டளவுக்கு வந்து நின்றது.

அதைப் பரணில் செருகுகிற நேரம் பார்த்துப் பவளாயி விறகெடுக்க வந்தாள். சுருட்டி வைத்த மூன்றும் அவள் கைக்கு வந்தன. அவள் திட்டிய திட்டை நான் சொல்லப் போவதில்லை. சின்னப் பிள்ளைகள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள்.

"யாருக்கும் தெரியாம இறங்கிப் போயிடலாம், புள்ள" என்றான் சடையன்.

"எங்கே இறங்கறது? வத்திப்போன குளத்துக்கா? இந்த வயித்தைச் சுமந்துகிட்டா?" பவளாயிக்கு அழுகை வந்துவிட்டது. "முதத் துணி கெட்டப்பவே சொல்லியிருந்தா மத்த ரெண்டும் பிழைச்சிருக்கும். வாயைத் திறக்க வலிச்சுதா உனக்கு?"

கண்ணைத் துடைத்துக்கொண்டு, மூன்றையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, புருசனையும் இழுத்துக்கொண்டு நேரே அரண்மனைக்குப் போனாள். நடந்ததை நடந்தபடி ராஜாவிடம் சொன்னாள். தளபதி தன் அங்கியைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, மூலையில் எறிந்தார். ராணியும் சால்வையைத் தள்ளி வைத்தாள். ராஜா மட்டும் போர்வையை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே இருந்தார்.

"எங்கப்பா போர்த்தின போர்வை இது" என்றார். "ரெண்டு பேரும் நாட்டை விட்டு இறங்குங்கள்."

"மகாராஜா, சுருங்கித்தானே போச்சு, அழிஞ்சு போகலையே" என்றாள் பவளாயி.

ராஜாவுக்குக் கோபம் சுர்ரென்று ஏறியது. "அப்படியா? என் நாட்டிலே யாராவது ஒருத்தருக்கு இது அளவாக இருக்கிறது என்று காட்டு. நாளைச் சாயங்காலத்துக்குள் காட்டினால் இங்கேயே இருங்கள். இல்லாவிட்டால் பிள்ளை பிறக்கும்வரை பொறுத்திருப்பேன் என்று நினைக்காதே."

பவளாயி துண்டுப் போர்வையோடு ஊரெல்லாம் அலைந்தாள். ஒரு கைக்குழந்தைக்குப் போர்த்திப் பார்த்தாள். துணி தடித்து விறைத்துக்கொண்டு நின்றது, குழந்தை வீறிட்டது. கோயில் பூசாரியின் வழுக்கைத் தலையில் கட்டிப் பார்த்தாள். வழுக்கி விழுந்தது. ஆட்டுக்குட்டிக்குப் போட்டுப் பார்த்தாள். எங்கள் வீட்டுச் சரக்கை எங்களுக்கே விற்கிறாயா என்பது போல அது ஒரு பார்வை பார்த்துவிட்டு நகர்ந்தது.

சோர்ந்துபோய் அந்தப்புரத்துப் பக்கம் வந்தபோது உள்ளே விசும்பல் கேட்டது. ராஜாவின் மகள் ஆதிரை, மடியில் மரப்பாச்சி மாப்பிள்ளையையும் மரப்பாச்சிப் பெண்ணையும் வைத்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். குளிர்காலம் பிறக்கும் முன்னால் இளவரசியின் பொம்மைக்குக் கல்யாணம் நடத்துவது அந்த நாட்டு வழக்கம். கல்யாணம் நாளைக்கு. சட்டை தைக்கப் பட்டுத் துணியைக் கத்தரித்தால் ஓரமெல்லாம் நூல்நூலாகப் பிரிகிறது. மாப்பிள்ளையும் பெண்ணும் வெறும் மரமாகக் கிடக்கிறார்கள்.

பவளாயி கத்தரியை வாங்கிப் போர்வையின் மூலையை ஒரு வெட்டு வெட்டினாள். ஒரு நூல் பிரியவில்லை. ஆவியில் வெந்து மயிரோடு மயிர் இறுகியிருந்தது. ஓரம் மடிக்க வேண்டாம், தைத்தால் நிற்கும். அவளுக்குச் சிரிப்பு வந்தது. இளவரசியின் காதில் ஏதோ சொன்னாள். இரண்டு பேரும் ஊசியும் நூலுமாக உட்கார்ந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் ஊரே அரண்மனையில் கூடியது. பிள்ளைகள் மரப்பாச்சி மாப்பிள்ளையைப் பல்லக்கில் தூக்கி வந்தார்கள். மரப்பாச்சிப் பெண் இளவரசியின் மகள் என்றால், பெண்ணின் தாத்தா ராஜாதானே? சந்தனமும் பன்னீருமாக வாசலில் நின்று, "வாங்க மாப்பிள்ளை, வாங்க. பனி விழுது, உள்ளே வந்து உட்காருங்க" என்று ஊர் கேட்க அழைத்தார்.

பவளாயி முன்னால் வந்தாள். "ஆமாம் மகாராஜா, மாப்பிள்ளைக்கு நல்லாவே குளிருதாம்" என்று சொல்லி, கம்பளிச் சட்டையும் குல்லாயும் மாப்பிள்ளைக்கு மாட்டினாள். பெண்ணுக்கு ஒரு குட்டிப் போர்வை போர்த்தினாள். எல்லாம் அளவெடுத்த மாதிரி பொருந்தின.

ராஜா திகைத்தார். "இது மரக்கட்டை அல்லவா? நான் ஆளையல்லவா கேட்டேன்?"

"மரக்கட்டையையா மகாராஜா இத்தனை பேர் முன்னாடி வாங்க மாப்பிள்ளைன்னு கூப்பிட்டீங்க?"

முதலில் ராணிதான் சிரித்தாள். பிறகு சபையே சிரித்தது. ராஜா பொம்மையைக் கையில் எடுத்து அந்தக் கம்பளியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். "எங்கப்பா போர்வை வெளியாளுக்குப் போகவில்லை. வீட்டு மாப்பிள்ளைக்குத்தான் போயிருக்கிறது" என்றார். "இருந்துவிட்டுப் போங்கள் இங்கேயே."

ஆதிரை விடுவாளா? மாப்பிள்ளையின் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் சட்டை வேண்டும் என்றாள். அந்த அங்கியும் சால்வையும் இருக்கின்றனவே என்று எடுத்து வந்து பிரித்தார்கள். பரணில் கிடந்த நாளெல்லாம் பூச்சி தின்று, இரண்டும் சல்லடையாக இருந்தன. ஒரு பொம்மைச் சட்டைக்குக்கூட முழுசாகத் துணி தேறவில்லை.

சடையன் சபை நடுவில் வந்து இளவரசி முன்னால் நின்றான். "வெள்ளாவி கெடுத்தது பாதி தாயி, நான் ஒளிச்சு வெச்சுக் கெடுத்ததுதான் மீதி" என்றான். சொன்ன பிறகுதான் அவனுக்கு மூச்சே ஒழுங்காக வந்தது. தன் தோளில் கிடந்த கிழிந்த கம்பளியைக் கழற்றி, "இதை வேகவெச்சுத் தர்றேன், சம்பந்திகளுக்குத் தைச்சுக்குங்க" என்றான்.

அதற்குப் பிறகு அந்த நாட்டில் நைந்த கம்பளி எதுவும் குப்பைக்குப் போகவில்லை. சடையனின் வெள்ளாவிக்கு வந்தது, பவளாயியின் ஊசிக்குப் போனது, பொம்மைகளின் உடம்பில் ஏறியது. சடையனோ குழம்பில் உப்புக் கூடிப்போனாலும் தெருவைக் கூட்டிச் சொல்கிற ஆளாக மாறிவிட்டான். பவளாயிக்கு அதுவே பெரிய தொல்லையாகப் போனது.

ஆகவே பிள்ளைகளே, பெரியவர்களே, ஒளித்து வைத்த தவற்றைப் பூச்சிதான் தின்னும். வெளியே எடுத்துச் சொன்ன தவற்றிலிருந்து ஒரு பொம்மைச் சட்டையாவது தைத்துவிடலாம்.