வாத்துப் பாஷையில் பரீட்சை

ஏரிக்கரை நாணலில் ஒரு தாழைக்கோழி இருந்தது. பேர் செங்கமலம். அதே கரையில், மருத மரப் பொந்தில் ஒரு கிளி இருந்தது. பேர் பவளவாயன். இரண்டும் ஒரே பரீட்சைக்குப் படித்தன.

அது என்ன பரீட்சை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். வருஷா வருஷம் கார்த்திகை பிறந்ததும் பனிமலைக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் கூட்டமாக அந்த ஏரிக்கு வரும். பங்குனி வரை தங்கும். இங்கே நரி எங்கே படுக்கும், வலை எங்கே விரிப்பார்கள் என்பதெல்லாம் அவற்றுக்குத் தெரியாது. சொல்வதற்கு உள்ளூர்ப் பறவை ஒன்று வேண்டும். அதையும் வாத்துப் பாஷையில்தான் சொல்ல வேண்டும். வாத்துகள் அடுத்தவர் பாஷையைக் கற்றுக்கொள்ளாது. அவ்வளவு கர்வம்!

அதனால் வந்த மறுநாளே பரீட்சை வைக்கும். தேறும் பறவைக்கு ஏரி நடுவில் இருக்கும் மேடு ஒரு வருஷத்துக்குச் சொந்தம். வேறு யாரும் அங்கே கால் வைக்க முடியாது. போன வருஷம் தேறியது ஒரு கரிச்சான்; ஒரு தடவை தேறிய பறவை மறுபடி பரீட்சைக்கு வரக் கூடாது. கரிச்சானைத் தெரியுமே, காக்கையையே ஓட ஓட விரட்டும்!

அந்த மேட்டில் ஒரு கொடுக்காப்புளி மரம் நின்றது. கொடுக்காப்புளி என்றால் கிளிக்கு உயிர். அதற்காகத்தான் அது படிக்கக் கிளம்பியது.

தாழைக்கோழிக்கு மரமும் வேண்டாம், பழமும் வேண்டாம். முட்டையிட இடம் வேண்டும். முந்தின வருஷம் கரையில் ஏழு முட்டை இட்டது. கீரி தின்றுவிட்டது. போன வருஷம் ஐந்து இட்டது. அதையும் கீரி தின்றுவிட்டது. மேட்டைச் சுற்றி ஆழமான தண்ணீர். கீரி அவ்வளவு தூரம் வராது. இந்த வருஷமும் கரைதான் என்றால் கதி என்ன?

பங்குனிக் கடைசியில் வாத்துகள் கிளம்பிப் போயின. பரீட்சைக்கு ஏழு மாதம் இருந்தது.

கிளி நேரே கரிச்சானிடம் போனது.

"அண்ணே! போன வருஷம் என்ன கேட்டாங்க?"

"பதினோரு கேள்வி."

"அதை அப்படியே சொல்லுங்க, பதிலோட!"

"இந்த வருஷமும் அதையே கேப்பாங்கன்னு உனக்கு யார் சொன்னது?"

"கேள்வி எங்கேண்ணே போயிடப் போகுது? நரியும் தண்ணியும் தவிர வாத்து வேற என்னத்தைக் கேக்கும்!"

கரிச்சானுக்கு வாதாடப் பொறுமை இல்லை. பதினோரு பதிலையும் வரிசையாகச் சொல்லிக் கொடுத்தது. என்ன அர்த்தம் என்று கிளியும் கேட்கவில்லை, கரிச்சானும் சொல்லவில்லை. கிளி காலையில் பத்துத் தடவை, சாயங்காலம் பத்துத் தடவை தலையை ஆட்டி ஆட்டி ஒப்பித்தது. மருத மரத்து அணில்களுக்கே மனப்பாடம் ஆகிவிட்டது. வைகாசி பிறப்பதற்குள் கிளி எல்லாவற்றையும் கரைத்துக் குடித்துவிட்டது.

"வாத்துப் பாஷை நமக்குத் தண்ணி பட்ட பாடு!" என்று சொல்லிவிட்டு மாந்தோப்புக்குப் பறந்தது. மாங்காய் சீசன் முடியும் வரை பொந்துக்குத் திரும்பவில்லை.

தாழைக்கோழியும் கரிச்சானிடம் போய்ப் பார்த்தது. மூன்று வரிக்கு மேல் அதன் தலையில் நிற்கவில்லை. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை?" என்று கரிச்சான் துரத்திவிட்டது.

ஆனால் ஏரியில் ஒரு வாத்து மிச்சம் இருந்தது. மின்கம்பியில் மோதிச் சிறகொடிந்து, கூட்டத்தோடு போக முடியாமல் மதகு ஓரத்தில் தங்கிவிட்ட கிழட்டு வாத்து. அதன் கோபம் ஏரிக்கே பிரசித்தம். ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டார்கள். தாழைக்கோழி அங்கே போய் நின்றது.

"போ!" என்றது வாத்து.

அதுதான் தாழைக்கோழி கற்ற முதல் வார்த்தை. மறுநாளும் போனது. "எட்டப் போ!" மூன்றாம் நாள், "என் புல்லை மிதிக்காதே, தொலைந்து போ!" பத்து நாள் கழித்துத் தாழைக்கோழி தட்டுத் தடுமாறிப் பதில் சொன்னது: "போக மாட்டேன்."

வாத்துக்கு வந்ததே கோபம்! அன்றைக்கு மட்டும் நாற்பது வார்த்தை புதிதாகக் கிடைத்தது.

ஒருநாள் தண்ணீர் குடிக்க வந்த கிளி இதைப் பார்த்துவிட்டது.

"செங்கமலக்கா! தினம் தினம் திட்டு வாங்கத்தான் போறீங்களா?"

"ஆமா தம்பி. நேத்துப் புதுசா ரெண்டு கிடைச்சுது."

"பரீட்சையில திட்டவா போறாங்க? வேலை மெனக்கெட்டு!"

"அதென்னவோ எனக்குத் தெரியல. பசிக்குதுன்னா என்ன, வெயில் சுடுதுன்னா என்ன, சிறகு வலிக்குதுன்னா என்ன, எல்லாம் இப்ப புரியுது. அந்தம்மா நாள் பூரா அதைச் சொல்லித்தானே புலம்புது!"

ஆனி மாதம் ஒரு நாள் வாத்து அளவுக்கு மீறிப் பேசிவிட்டது. "உன் வாயில் எங்கள் பாஷையைக் கேட்பதைவிட இந்த மதகு இடிந்து என் தலையில் விழலாம்!" என்றது. கொடுமை என்னவென்றால், தாழைக்கோழிக்கு ஒரு வார்த்தை விடாமல் புரிந்துவிட்டது. நாணலுக்குள் போய் அழுதது. இரண்டு நாள் வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் காலையில் கீரி நாணல் ஓரமாக மோப்பம் பிடித்துக்கொண்டே நடந்து போனது. தாழைக்கோழி எழுந்து நேராக மதகுக்குப் போனது.

"ரெண்டு நாளா எங்கே தொலைஞ்சே?" என்று கத்தியது வாத்து.

அது தாழைக்கோழியைப் பார்த்துக் கேட்ட முதல் கேள்வி அதுதான். அதற்கப்புறம் இரண்டும் எதற்கெடுத்தாலும் வாக்குவாதம் செய்தன. கோரைப்புல் ருசியா அருகம்புல் ருசியா என்று ஒரு வாரம் சண்டை. நத்தையைத் தின்கிறவர்கள் நாகரிகம் உள்ளவர்களா என்று இன்னொரு வாரம். ஐப்பசியில் வாத்தின் சிறகு கூடியது. சண்டை மட்டும் ஓயவில்லை.

கார்த்திகை பிறந்தது. வாத்துக் கூட்டம் வந்து இறங்கியது. மறுநாள் காலை தலைவாத்து நடுவில் உட்கார, மற்றவை சுற்றி நின்றன. கிழட்டு வாத்தும் கூட்டத்தோடு நின்றது. பரீட்சைக்கு வந்தவை கிளியும் தாழைக்கோழியும்தான்.

கிளி முந்திக்கொண்டு முன்னால் வந்தது. இறக்கையை நீவிவிட்டுக்கொண்டது.

"முந்தாநேத்து ராத்திரி இங்கே மழை பேஞ்சுதா?" என்று கேட்டது தலைவாத்து.

"ஏரியில் தண்ணீர் நிறைய உள்ளது!" என்றது கிளி. அது முதல் பதில்.

"நான் அதைக் கேக்கலையே. மழை பேஞ்சுதா?"

"இந்தக் கரையில் நரி கிடையாது!" அது இரண்டாம் பதில்.

தலைவாத்து கேள்வியை மாற்றியது. "சரி, பதட்டப்படாதே. உன் குடும்பத்துல எத்தனை பேர்?"

"என் பெயர் கரிச்சான்!" என்று கிளி கணீரென்று சொன்னது. மூன்றாம் பதிலோடு நிற்காமல் மிச்சம் எட்டையும் மூச்சுவிடாமல் ஒப்பித்து, தலையை ஆட்டி வணங்கியது. ஒரு உச்சரிப்புப் பிழை கிடையாது. பின்வரிசையில் குட்டி வாத்துகள் சிரித்தன. தன்னைப் பாராட்டுகிறார்கள் என்று நினைத்துக் கிளி இன்னொரு தடவை வணங்கியது.

அடுத்து தாழைக்கோழி வந்தது.

"இந்தக் கரையில நரி இல்லைன்னு சொன்னானே, நிஜமா?"

"பொய்!" என்றது தாழைக்கோழி. "ரெண்டு நரி. ஆவணியில வந்துச்சு. கிழக்குப் பக்கம், ஒத்தைப் பனைக்குக் கீழே. பகல்ல தூங்கும். விடியற்காலம் எழுந்திரிக்கும். நீ அந்தப் பக்கம் மேயாதே!"

"மேட்டுக்கு ஆசைப்பட்டு நீ கதை விடலாம் இல்லையா?"

"கண்ணு இருக்குல்ல? போய்ப் பாரேன், சோம்பேறி!"

கூட்டம் திகைத்தது. தலைவாத்தை யாரும் அப்படிப் பேசியது கிடையாது. பாவம், மரியாதையாகப் பேச அதற்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? ஒரு குட்டி வாத்து பறந்து போய்ப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு வந்தது. "ரெண்டு நரி! பனைக்குக் கீழே! ஒண்ணு என்னைப் பார்த்துக் கொட்டாவி விட்டுச்சு!"

தலைவாத்து தாழைக்கோழி பக்கம் திரும்பியது. "உனக்கு எதுக்கு அந்த மேடு?"

துக்கத்துக்கு வாத்துப் பாஷையில் என்ன வார்த்தை என்று தாழைக்கோழிக்குத் தெரியாது. தெரிந்ததைச் சொன்னது.

"ஏழு முட்டை இட்டேன். கீரி. அடுத்த வருஷம் அஞ்சு முட்டை. கீரி. இப்ப நான் இங்கே நிக்கிறேன்."

அங்கே முட்டையைப் பறிகொடுக்காத வாத்து எது?

கூட்டத்தில் படித்த வாத்து ஒன்று இருந்தது. அது மட்டும் தொண்டையைச் செருமியது. "இருந்தாலும் பிழை ரொம்ப. நான் எண்ணினேன், ஒன்பது!"

"நானும்தான் எண்ணினேன், பதினொண்ணு" என்றது தலைவாத்து. "ஆனா நான் கேட்டது அவளுக்குப் புரிஞ்சுது, அவ சொன்னது எனக்குப் புரிஞ்சுது. பிழையே இல்லாமப் பேசினவனுக்குத் தன் பேரு தெரியல!"

பிறகு கிழட்டு வாத்தைப் பார்த்து, "நீதான் சொல்லிக் கொடுத்தியா?" என்று கேட்டது.

"நானா! ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கலை. ஏழு மாசமா போ, போன்னுதான் கத்தினேன். கழுதை, போகலையே!"

மேடு தாழைக்கோழிக்கு என்று முடிவானது. கிளி மருத மரத்தில் உட்கார்ந்து, "பாடத்துல இல்லாத கேள்வியாக் கேட்டாங்க!" என்று ஊரெல்லாம் சொன்னது. அணில்கள் அதை நம்பின.

தை மாதம் செங்கமலம் மேட்டில் ஆறு முட்டை இட்டது. கீரி கரையில் நின்று வெகுநேரம் பார்த்துவிட்டு, தண்ணீரில் ஒரு காலை வைத்துப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனது. ஆறும் பொரிந்தன.

உருப்போட்ட பதில் அதே கேள்வி வந்தால்தான் உதவும். பேசுகிறவர்களோடு பேசி, பிழை செய்து, திட்டு வாங்கிக் கற்ற பாஷை எந்தக் கேள்வி வந்தாலும் கைகொடுக்கும்.