பெயர் எழுதாத மகள்

வைத்திலிங்கம் வக்கீல் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்று மடத்துக்கு வந்தவர். மடத்துத் தலைவியான அம்மாவைவிட வயதில் மூத்தவர், ஆனாலும் சீடர்தான். காவி கட்டிய பிறகும் பத்திரம் ஏதாவது கையில் கிடைத்தால் அவர் முகம் மலர்ந்துவிடும்.

அன்று கிடைத்தது ஓர் உயில். காலமான பொன்னுரங்கம் எழுதியது. வயல் மகன் மாசிலாமணிக்கு. குடியிருந்த வீடு "என் மகளுக்கு". மகளின் பெயர் இல்லை. பொன்னுரங்கத்துக்குப் பெண் குழந்தையே கிடையாது.

அப்படியானால் வீடும் தனக்குத்தான் என்று மாசிலாமணி வந்து உட்கார்ந்திருந்தான். சற்றுத் தள்ளித் தெய்வானை நின்றாள். அவனுடைய தம்பிக்கு வாழ்க்கைப்பட்டு அந்த வீட்டுக்கு வந்தவள். தம்பி இறந்தபின் மாமனாரே வேறு மாப்பிள்ளை பார்த்து, தாரை வார்த்து, அவளை அடுத்த ஊருக்கு அனுப்பிவைத்தார். வீடு கிடைக்காவிட்டாலும் போகட்டும், மாமா யாரை நினைத்து அதை எழுதினார் என்று தெரிந்தால் போதும் என்று அம்மாவிடம் சொல்லியிருந்தாள். சொல்லும்போதே அழுதுவிட்டாள்.

மகள் என்றால் மகள்தான், மருமகள் எப்படி மகளாவாள் என்றார் வைத்திலிங்கம்.

"எழுத்தை விட்டு வெளிய போய்த் தேடலாமாம்மா? ஆளுக்கொரு கதை சொல்லுவாங்க. செத்தவர் எந்திரிச்சு வந்து இல்லைன்னு சொல்லப் போறதில்ல."

"பயப்பட வேண்டியதுதான்," என்றார் அம்மா. "அதனால தெய்வானையை நான் ஒண்ணும் கேட்கப் போறதில்ல."

மாசிலாமணிக்கு நிம்மதியாக இருந்தது. அம்மா அவன் பக்கம் திரும்பினார்.

"பொங்கலுக்கு அப்பா எங்கயாவது சீர் கொண்டு போவாரா தம்பி?"

பொங்கல் சீர் பிறந்த வீட்டிலிருந்து பெண்ணுக்குப் போவது. கரும்பும் மஞ்சள் கொத்தும் புதுப்பானையும் யார் வாசலில் இறங்குகிறதோ, அவள் அந்த வீட்டுப் பெண். இதை மாசிலாமணிக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. தலையைக் குனிந்துகொண்டான். பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை, அந்த மட்டுக்கு நல்லவன்.

"தெய்வானை வீட்டுக்குப் போவாரு," என்றான். "வருசா வருசம். கரும்பை நான்தான் சைக்கிள்ல கட்டிக் குடுப்பேன்."

தெய்வானை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வைத்திலிங்கம் உயிலை மறுபடியும் எடுத்துப் படித்தார். ஓர் எழுத்துகூட மாறவில்லை. ஆனாலும் குமாஸ்தா புத்தி லேசில் விடுமா?

"பேரை எழுதித் தொலைச்சிருக்கலாமேம்மா."

"வீட்ல ஒரே பொண்ணு. எந்தப் பொண்ணுன்னு யாரு கேட்கப் போறாங்கன்னு நெனச்சிருப்பாரு."

வீடு போனதைவிட அப்பா தன்னை மறந்துவிட்டாரோ என்பதுதான் மாசிலாமணியை அரித்தது. கடைசியில் அதையும் சொல்லிவிட்டான்.

"வீடு அவளுக்கே இருக்கட்டும்மா. எனக்குத்தான் வயலைத் தவிர ஒண்ணுமே எழுதாமப் போயிட்டாரு."

அம்மா உயிலை மடித்து அவன் கையில் கொடுத்தார்.

"எழுதியிருக்காரே தம்பி. 'என் மகளுக்கு'ன்னு எழுதினப்பவே உனக்கு ஒரு தங்கச்சியக் குடுத்துட்டாரு. வர்ற பொங்கலுக்குக் கரும்பை நீதான் கொண்டு போகணும்."