வடக்கை மறந்த முள்

மனுஷ வாடையே அண்டாத கரை அது. மணலெல்லாம் கறுப்பு. ஒரு கை அள்ளினால் மணிக்கட்டு இறங்கும், அத்தனை கனம். லேசான மணலையெல்லாம் அலை வாரிக்கொண்டு போய்விட, இரும்பு மணல் மட்டும் அடுக்கடுக்காகப் படிந்து கிடந்தது.

தெற்கே கடலுக்குள் ஒரு பாறை நீட்டிக்கொண்டிருந்தது. முழுக்க முழுக்கக் காந்தக்கல். அதன் வெடிப்புகளில் துருத் தண்ணீர் கசியும், பார்த்தவன் ரத்தம் என்று சத்தியமே செய்வான். அலை உள்ளே புகுந்து வெளியே வரும்போது யாரோ முனகுவதுபோலக் கேட்கும்.

அங்கே குடிசை போட்டுத் தனியாக இருந்தவள் உமையாள் என்ற துறவி. வயது நாற்பதுகூட இருக்காது. அவளிடம் சீடனாக வந்து சேர்ந்த ஆண்டியப்பனுக்கோ அறுபது தாண்டிவிட்டது. ஆயுசு பூரா தோணியில் தண்டலாக இருந்தவர், அதாவது தோணிக்குத் தலைவர். ஞானம் தேடியா வந்தார்? அதெல்லாம் ஒன்றுமில்லை. அவர் மகன் செந்தூரான் தோணியோடு மோதிச் செத்தது அந்தப் பாறையில்தான். உடம்பு கிடைக்கவில்லை. அவனுடைய திசைகாட்டி மட்டும் கரை ஒதுங்கியது. பெற்ற மனசு, அந்த இடத்தை விட்டு எங்கே போகும்?

ஒருநாள் நட்ட நடுப்பகலில் ஆண்டியப்பன் கடலில் இறங்கினார். இடுப்பளவுத் தண்ணீரில் பாறையைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தார். உமையாள் ஓடிவந்தாள்.

"தண்டலாரே, நில்லும்! எங்க போறீரு?"

"எம் மவன்கிட்ட."

"அங்க ஆழம். திரும்பி வரமாட்டீரு."

"கூப்பிடுதான் தாயே. போகாம இருக்க முடியுமா?"

கையிலிருந்த திசைகாட்டியை நீட்டினார். வடக்கே பார்க்க வேண்டிய முள், தெற்கே பாறையைப் பார்த்துக் குத்திட்டு நின்றது.

"எப்படித் திருப்பினாலும் அங்கனயே பாக்கு. கண்ணு பொய் சொல்லும், முள்ளு சொல்லாது. அதை நம்பித்தான் இத்தனை காலம் தோணி விட்டேன்."

காந்தப் பாறை முள்ளை இழுக்கும் என்பது நேற்றுத் தோணி ஏறினவனுக்குக்கூடத் தெரியும். அவருக்கா தெரியாது? துக்கம் வந்துவிட்டால் தெரிந்ததெல்லாம் எங்கே நிற்கிறது!

உமையாள் சேலையை வரிந்து கட்டினாள். அவரைத் தாண்டி நீந்திப் போனாள். பாறையில் பெயர்ந்து கிடந்த கல் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். தேங்காய் அளவு இருந்தது. அதில் ஒரு தோணி ஆணி ஒட்டிக்கொண்டிருந்தது. ஆணியைச் சுற்றி இரும்பு மணல் மயிர் முளைத்த மாதிரி சிலிர்த்து நின்றது.

"இதை மடியில கட்டும்."

கட்டினார். திசைகாட்டியை வயிற்றுக்கு நேரே பிடித்தார். முள் மெல்ல அசைந்தது. பாறையை விட்டது. சுற்றி வந்து, நேராக அவரைப் பார்த்து நின்றது.

கரைக்கு நடந்தார். முள் அவரையே பார்த்தது. சட்டென்று திரும்பினார். அப்போதும் அவரையே பார்த்தது. கிழவருக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

"தாயே! வந்துட்டான்! எம் மவன் எங்கூடவே வந்துட்டான்!"

அழுதார், சிரித்தார், திசைகாட்டிக்கு முத்தம் கொடுத்தார்.

"சந்தோஷமா?"

"பின்னே! இனி உசுரு போற வரைக்கும் இந்த மடியை அவுக்க மாட்டேன்."

"சரி. உக்காந்து அவனைப் பாத்துக்கிட்டே இரும்."

அவள் கஞ்சி காய்ச்சப் போய்விட்டாள். அவர் பாறையின் இழுப்பு எட்டாத தூரத்தில் கறுப்பு மணலில் உட்கார்ந்து உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். வெயில் சாய்ந்தது. பாறை முனகிக்கொண்டிருந்தது.

முதலில் கை ஆடுகிறது என்றுதான் நினைத்தார். கையை முழங்கால்மேல் ஊன்றிப் பார்த்தார். இல்லை, முள்தான் நடுங்கியது. அவர் மூச்சை இழுத்தால் வயிற்றுப் பக்கம் வெடுக்கென்று வந்தது. மூச்சை விட்டால் வடக்குப் பக்கம் நகரப் பார்த்தது. கட்டுத்தறியில் கயிறு இறுகிய கன்றுக்குட்டி இப்படித்தான் இழுத்து இழுத்துப் பார்க்கும். அவர் மூச்சை அடக்கினார். முள் விறைத்து நின்றது. மறுபடி மூச்சு விட்டார். மறுபடி நடுங்கியது.

அவருக்குப் பயம் வந்துவிட்டது.

"தாயே, இங்க வாங்களேன்! எம் மவனுக்கு என்ன செய்யுது? ஏன் இப்படித் துடிக்கான்?"

உமையாள் வந்து, அவர் பக்கத்தில் குனிந்து பார்த்தாள்.

"அவன் வடக்க போகணும் தண்டலாரே. நீருதான் விடமாட்டேங்கீரு."