ரீஸ்டார்ட் கொடுப்பதற்கு முன்

"திரும்பி வருமா, வராதா? அதை மட்டும் சொல்லுங்க டீச்சர்."

ஜெரோன் வந்து நின்ற வேகத்தில் மேசையே ஆடியது.

ஆக்னெட்டாள் நிமிர்ந்து பார்த்தாள். அவனைவிட இளையவள்தான். ஆனாலும் தூத்துக்குடியில் செர்வர் வேலை பார்க்கிறவர்கள் எல்லாருக்கும் அவள் டீச்சர்.

அவன் பொறுப்பில் இருந்த செர்வர் கடல் தாண்டி ஏதோ ஒரு நாட்டில் வாடகைக்குக் கிடந்தது. ஆழ்கடலுக்குப் போன படகுகளுக்குக் காற்று எச்சரிக்கை அனுப்புவது அதுதான். அதன் இயங்குதளம் கிழடு தட்டிவிட்டது. ஓட்டை தேடித் திருடர்கள் சுற்றிக்கொண்டிருந்தார்கள். புதியதை ஏற்றியே ஆக வேண்டும். ஏற்றி, ரீஸ்டார்ட் கொடுத்து, அது எழும்பாமல் போனால்? பக்கத்தில் போய் ஒரு திரையைச் செருகி, என்ன ஏது என்று பார்க்க அங்கே ஆள் கிடையாது.

படகுகளில் ஒன்று அவன் தம்பியுடையது.

"நூத்துக்குத் தொண்ணூறு வந்துரும்லா?"

அவள் கணினிப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"சரி, எண்பதுன்னு வைங்க."

"மிச்ச இருபதுல உங்க தம்பி இருந்தா?"

அவன் முகம் கறுத்தது.

"நான் வழி கேட்டு வந்திருக்கேன் டீச்சர்."

"இவ்வளவு நேரம் பேரம்லா பேசுனீங்க. வெளியே போங்க அண்ணே."

"விரட்டுறீங்களா?"

"போங்க."

அவன் படி இறங்கியதும் உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

"இப்ப உள்ளே வாங்க" என்றது அவள் குரல். "தட்டக் கூடாது. கூப்பிடக் கூடாது."

தோள் கொடுத்து முட்டினான். கதவு அசையவில்லை. சன்னலுக்குப் போனான். கம்பி. கெட்ட வார்த்தை ஒன்று தொண்டை வரைக்கும் வந்தது, விழுங்கினான்.

வெயில் பிடரியைச் சுட்டது. சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் கதவில் உள்ளங்கையை வைத்தபடி நின்றான். இந்தப் பக்கம் தன் கைக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

வெகுநேரம் கழித்து அவளே திறந்தாள்.

"வழியே இல்லாத இடத்துல வான்னா எப்படி வர?" என்று கத்தினான்.

"உள்ளே நான் இருந்தேனே."

"இருந்து?"

"போகும்போதே, கொஞ்ச நேரத்துல கதவைத் திறந்துருன்னு எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகலையே நீங்க."

ஜெரோன் அவளைத் தாண்டி உள்ளே போய் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கணினி முன் உட்கார்ந்தான்.

பழைய இயங்குதளத்தைத் தொடவில்லை. புதியதை அதன் அருகே தனி இடத்தில் ஏற்றினான். பிறகு செர்வருக்கு ஒரு கட்டளை எழுதி வைத்தான்: புதியதை ஒரே ஒரு முறை எழுப்பு. பத்து நிமிஷத்துக்குள் நான் வந்து சரி என்று சொல்லாவிட்டால், என்னைக் கேட்காதே, பழையதற்கே திரும்பிவிடு.

ரீஸ்டார்ட் கொடுத்தான்.

செர்வர் போனது. வரவில்லை.

கூப்பிட்டுப் பார்த்தான். பதில் இல்லை. மறுபடியும் கூப்பிட்டான். "மாதாவே" என்றான். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

ஆக்னெட்டாள் சோற்றுத் தூக்கைத் திறந்து சாப்பிட ஆரம்பித்தாள்.

பத்து நிமிஷம் தாண்டியதும் திரையில் ஒரு வரி விழுந்தது. செர்வர் வந்துவிட்டது. அவன் குனிந்து படித்தான்.

"பழசுதான் வந்திருக்கு டீச்சர். புதுசு எழும்பல." அவன் குரல் உடைந்தது. "தோத்துட்டேன்."

"படகுகளுக்கு எச்சரிக்கை போகுதா?"

"போகுது."

"அப்ப நாளைக்கும் தோக்கலாம்" என்று தூக்கின் மறு தட்டை அவன் பக்கம் நகர்த்தினாள்.