கும்மி வட்டமான கதை

அந்தக் காலத்தில் எண்களுக்கும் வாய் இருந்தது, திருவிழா பார்க்கிற ஆசையும் இருந்தது. ஆற்றங்கரை ஊர் ஒன்றில் ஆறு சகோதரிகள் இருந்தார்கள். மூத்தவள் பெயர் ஒன்று. அடுத்தடுத்துப் பிறந்தவர்கள் நான்கு, இரண்டு, எட்டு, ஐந்து. கடைக்குட்டி ஏழு. பிறந்த வரிசையில் கைகோத்து நின்றால் 142857 என்று பெரிய எண்ணாகத் தெரிவார்கள்.

அக்கரையில் திருவிழா. ஆனால் பாலத்தில் பெருக்கன் என்ற பூதம் மத்தளத்தோடு உட்கார்ந்திருந்தது. அது எத்தனை அடி அடிக்கிறதோ, கடப்பவர்கள் அத்தனை மடங்காகிவிடுவார்கள். முந்தின நாள்தான் மூன்றும் ஆறும் ஜோடியாகப் போனார்கள். இரண்டு அடி விழுந்தது. அக்கரையில் இறங்கியது எழுபத்திரண்டு! மூன்றையும் ஆறையும் அதன்பின் யாரும் பார்க்கவில்லை.

பாலத்தில் கால் வைத்ததும் ஏழு, ஐந்தின் கையை இறுக்கிக்கொண்டாள்.

"அக்கா, என்னை ஒரு பக்கந்தான் பிடிச்சிருக்கீங்க. நான் கழண்டு போயிடுவேன்."

"பேசாம வாடி," என்றாள் எட்டு.

பெருக்கன் கையை ஓங்கியது. அந்த நொடியில் ஏழு, ஐந்தையும் இழுத்துக்கொண்டு முன்னால் ஓடி, மூத்தவளின் வெறுங்கையைப் பற்றிக்கொண்டாள். வரிசை வட்டமாகிவிட்டது.

முதல் அடியில் எதுவும் மாறவில்லை. இரண்டாவது அடியில் வட்டம் சுழன்றது. பூதத்தின் எதிரே இரண்டு வந்து நின்றாள். அவளிலிருந்து படித்தால் 285714.

"அட, அதே பொண்ணுங்க!" என்றது பூதம்.

மூன்றாவது அடிக்கு 428571. நான்காவதற்கு 571428. ஐந்தாவது அடிக்கு முன்னால் வந்து நின்றவள் ஏழுவேதான், 714285! அவளுக்குப் பயம் போய்ச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆறாவதற்கு 857142. ஒருத்திகூடக் குறையவில்லை, புதிதாக ஒருத்தியும் நுழையவில்லை.

பூதத்துக்கு ரோஷம் வந்துவிட்டது. ஓங்கி ஏழாவது அடி அடித்தது.

வட்டம் நின்றது. ஆறு பேருக்கும் ஒரே முகம். எல்லாரும் ஒன்பது! 999999.

"அக்கா, நீ எங்கே?" என்று அலறினாள் ஏழு.

"உன் கையைத்தாண்டி பிடிச்சிருக்கேன். விட்டுடாதே!" என்றது மூத்தவளின் குரல்.

முகம் மாறியும் ஆறு பேரும் பிடியை விடவில்லை. பெருக்கன் ஓங்கிய கையைக் கீழே போட்டது. பிறகு விழுந்து விழுந்து சிரித்தது.

"இத்தனை அடிச்சும் உங்களைப் பிரிக்க முடியல. கடைசியில எல்லாரையும் ஒரே உசரத்துல கொண்டு நிறுத்திட்டேன். போங்க தாயி, உங்க முகத்தை நீங்களே வச்சுக்குங்க."

மத்தளத்தைத் திருப்பி மறுபக்கம் ஏழு அடி அடித்தது. பெருகியதெல்லாம் வகுபட்டு, ஆறு சகோதரிகளும் பழைய முகத்தோடு நின்றார்கள்.

அக்கரையில் இறங்கியதும் வந்த சந்தோஷத்தில் வட்டத்தைக் கலைக்க யாருக்கும் மனமில்லை. கைகளை மட்டும் விடுவித்து, தட்டித் தட்டிச் சுற்றினார்கள். திருவிழாவுக்கு வந்த பெண்களும் சேர்ந்துகொண்டார்கள்.

பெண்கள் கும்மிக்கு வரிசை கட்டாமல் வட்டம் கட்டுவது அன்று முதல்தான். எவளிடமிருந்து எண்ணத் தொடங்கினாலும் அங்கே முதலாமவளும் இல்லை, கடைசியும் இல்லை.